கொலைக்கு மானியம்

ஐயா,

இந்தக் கடிதத்தை நான் மூடி ஒட்டவில்லை. எதிர்வீட்டுப் பையன் இன்று திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறான், அவன் கையில் திறந்தபடியே கொடுத்துவிடுகிறேன். வழியில் அவன் படித்தாலும் படிக்கட்டும். இப்போது நீ யார் யாரோடு அறையில் தங்கியிருக்கிறாயோ அந்தப் பையன்களும், உன் பனியன் கம்பெனி மேஸ்திரியும் படிக்கட்டும். உனக்குப் படிக்க மனசில்லை என்றால் அவர்களில் ஒருத்தர் சத்தம் போட்டு வாசிக்கட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற உன் அம்மா எழுதுகிறேன், பிழை நிறைய இருக்கும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு, அப்புறம் விஷயத்தைப் பாருங்கள்.

முந்தாநாள் செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலவனத்தத்திலிருந்து வந்து இறங்கினாள். திருப்பூரில் வீட்டைக் காலி செய்துவிட்டு, அவளையும் பிள்ளையையும் அவள் அப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டாயாம். எதற்கு என்று கேட்டதற்கு, “ரெண்டு மாசம் இரு. ஏன்னு கேக்காத” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாயாம். அவளுக்கு உன்மேல் வேறு சந்தேகம். “அத்த, அங்க யாரும் பொம்பள இருக்குமோ” என்று கேட்டு அழுதாள். பொம்பளையாக இருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். வருகிற மாதம் சோலை ஜெயிலிலிருந்து வருகிறார். உன் அப்பாவை வெட்டியவர் வருகிறார். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெண்டாட்டி பிள்ளையை நீ ஏன் ஒதுக்கி வைத்தாய் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கரிசல் காட்டில் ஒருத்தன் அப்படிச் செய்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அப்பா போனபோது நீ ஆறாம் வகுப்பு. உனக்குத் தெரிந்தது ஓடைக்கரையில் கிடந்த உடம்பும், நம் வாசலில் கூடிய கூட்டமும்தான். மாரடித்து அழ வந்த சொந்தக்காரிகள் உன்னை இழுத்து நடுவில் உட்காரவைத்து, “சிங்கக்குட்டி இருக்கு, வளரட்டும்” என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அந்த வார்த்தை உன் காதில் எப்படி விழுந்தது என்று நான் அப்போது பார்க்கவில்லை. செத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உன்னை அருப்புக்கோட்டை விடுதியில் சேர்த்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் நீ சோலை வீட்டுப் பக்கம் திரும்பாமல் சுற்றிப் போவாய். சரி, பயப்படுகிறான் என்று நினைத்தேன். நீ பயப்படவில்லை. காத்திருந்திருக்கிறாய்.

உன் அப்பா ஒரு பாவமும் அறியாதவர் என்று நினைத்துக்கொண்டுதானே காத்திருந்தாய். முழுசாகக் கேள். அவரும் சோலையும் சேர்ந்து கரிமூட்டம் போட்டவர்கள். கண்மாய்க்குள் நிற்கிற சீமைக்கருவேல மரத்தை ஏலத்தில் எடுத்து, வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி நெருப்பு வைத்து, கரியை லோடு ஏற்றிவிடுவார்கள். மூட்டம் வேகிற வரைக்கும் மாற்றி மாற்றிக் காவல் இருப்பார்கள். ஒரே தூக்குச்சட்டியில் இரண்டு பேருக்கும் சோறு போகும், இன்றைக்கு என் வீட்டிலிருந்து என்றால் நாளைக்கு பாக்கியம் வீட்டிலிருந்து. பாக்கியம் சோலையின் பெண்சாதி, உனக்கு அத்தை முறை. அந்த வருஷம் உன் அப்பா சோலையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், காரியாபட்டி ஆள் ஒருத்தரோடு கூட்டுச் சேர்ந்து ஏலம் எடுத்துவிட்டார். ஏலத்தில் தனியாகக் கேட்டுத் தோற்றுப்போய் நின்ற சோலையைப் பார்த்து, “ஏலம் கேக்க வாய் மட்டும் இருந்தாப் போதாது மாப்ள” என்றார். கூட்டம் சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். போலீஸ்காரர்கள் இதற்கு முன்விரோதம் என்று எழுதினார்கள், பேப்பரிலும் அப்படியே வந்தது. முன்னால் இருந்தது விரோதமில்லை ஐயா, சிநேகம். அந்தச் சிரிப்புக்காக ஒரு மனிதனை வெட்டலாமா என்றால், கூடாது. ஆனால் சிரிப்பு இருந்தது. அதை மறைத்து உன்னை வளர்த்தால், உன் கையில் நான் பாதிக் கதையைக் கொடுத்த மாதிரி.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. நீ விடுதியில் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம், மதுரையில் ஒரு கல்லூரியிலிருந்து ஒரு டீச்சரும் அவர்களுக்கு உதவியாக இரண்டு பேரும் ஜீப்பில் வந்தார்கள். இந்தப் பக்கத்தில் நடக்கிற வெட்டுக்குத்தெல்லாம் ஏன் நடக்கிறது, நடக்காமல் தடுக்க முடியுமா என்று கேட்டு எழுதுவதற்கு டெல்லி சர்க்கார் பணம் ஒதுக்கியிருந்தது. இதைப் பஞ்சாயத்து ஆபீஸ் ஆள் வந்து தெருவில் எப்படிச் சொன்னார் தெரியுமா? “கொல நடந்த வீட்டுக்காரவுக எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாங்க. சர்க்கார் மானியத்துல வந்திருக்காக.” நமக்கு மானியம் என்றால் கறவை மாட்டுக்கு வருவது, பம்பு செட்டுக்கு வருவது, உரத்துக்கு வருவது. அதனால் ஊர் முழுக்க, கொலைக்கு மானியம் வந்திருக்கிறது என்று ஆகிவிட்டது. டீக்கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம், “வெட்டுப்பட்டவுக வீட்டுக்கா, வெட்டுனவுக வீட்டுக்கா? ரெண்டு பேருக்கும்னா, வெட்டுன கைக்குக் கூட வருமா கொறைய வருமா?” என்று கேட்டாராம். நானும் சிரிக்கவில்லை, யோசிக்கவும் இல்லை. ரேஷன் கார்டையும் உன் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் மடியில் கட்டிக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்தேன்.

எனக்கு முன்னாலேயே பாக்கியம் வந்து உட்கார்ந்திருந்தாள், அவளும் ரேஷன் கார்டோடு. அவள் வீட்டிலும் கொலை நடந்ததாகத்தானே கணக்கு. கண்மாய்க் கரையில் நான் வந்தால் அவள் இறங்கிவிடுவாள், அடிபம்பில் அவள் நின்றால் நான் குடத்தோடு திரும்பிவிடுவேன். அப்படி வருஷக்கணக்காய் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காதவர்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுடைய பெஞ்சில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தோம். டீச்சர் எல்லார் கையிலும் கார்டைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். “மானியம் உங்களுக்கு இல்லம்மா. உங்கள வந்து கேக்குறதுக்கு எங்களுக்குக் குடுத்திருக்காங்க” என்றார்கள். ஒரு கிழவர் எழுந்தார். மகனைப் பறிகொடுத்தவர். “அப்ப எம்மகன் செத்தது ஒங்களுக்குச் சம்பளம்” என்றார். டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. “ஆமாய்யா. அப்படித்தான் இருக்கு. அதுக்கு நாங்க ஒழுங்காக் கேட்டாவது போகணும்” என்றார்கள். போகிறேன் என்று எழுந்த கிழவர் மறுபடி உட்கார்ந்தார். எழுந்திருக்கப் போன நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

அவர்கள் ஏன் வெட்டினான் என்று கேட்கவில்லை. ஏன் என்றுதான் போலீஸ், வக்கீல், சொந்தக்காரன் என்று எல்லாரும் கேட்டுவிட்டார்களே. “சண்டைக்கும் சாவுக்கும் நடுவுல ஒரு வாரம் இருந்துச்சுல்ல, அந்த வாரம் யார் யார் என்னென்ன பாத்தீங்க?” என்று கேட்டார்கள். பேச்சு எங்கள் வீட்டுக் கொலைக்கு வந்தது. ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சோலை அந்த வாரம் டீக்கடைக்கு வரவில்லை. எதிரே வந்தவர்களிடம் பேசவில்லை. பட்டறையில் வேலைக்கு அவசியமில்லாமல் அரிவாள் சாணை பிடித்தார். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: “ஆட்டையெல்லாம் எங்கம்மா ஊருக்கு ஓட்டிட்டுப் போகச் சொன்னாக. பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போன்னாக. பள்ளிக்கூடம் இருக்கேன்னேன். கேக்காதன்னாக. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.” அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “ஒங்கிட்டச் சொல்லிப்புடணும்னு கொடத்தத் தூக்கிக்கிட்டு அடிபம்பு வரைக்கும் வந்தேன் மதினி. அங்க ஆளுக நின்னுச்சு. திரும்பிப் போயிட்டேன்.”

அவள் முடியைப் பிடித்து அந்தப் பெஞ்சிலேயே மோதியிருப்பேன். எழுந்து வந்துவிட்டேன். வெட்டினவர் மேல் இருந்த ஆத்திரம்கூட அதற்குள் கட்டி தட்டிப்போயிருந்தது. ஆனால் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பாதியில் திரும்பினாளே, அந்த ஆத்திரம் புதுசாக எரிந்தது. யார் நின்றால் என்ன, ‘அண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொல்லு மதினி’ என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் இல்லையா? களை வெட்டும்போதும் சுள்ளி பொறுக்கும்போதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதில் எனக்கே வந்து சேர்ந்தது. பக்கத்துத் தெருவில் ஒருத்தர் பருத்திக்காட்டில் இன்னொருத்தர் மாடு விழுந்து மேய்ந்துவிட்டது. மாட்டை அடித்ததில் கால் ஒடிந்து போனது. கொஞ்ச நாள் சத்தம், அப்புறம் பேச்சே இல்லை. பிறகு மாட்டுக்காரர் தன் பிள்ளைகளைப் பரீட்சை நேரத்தில் காரியாபட்டிக்கு அனுப்பி வைத்தார். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன், பார்த்தேன். பெட்டியோடு ஏறினார்கள், புத்தகம் எடுக்கவில்லை. யாரிடம் சொல்வது? பருத்திக்காட்டுக்காரரிடம் சொன்னால் அவர் முந்திக்கொண்டு கிளம்புவார். ஸ்டேஷனுக்குப் போனால் ‘நீ யாரு, ஒனக்கென்ன’ என்பார்கள். என் சொந்தக்காரர்களோ, நமக்கெதற்கு என்றார்கள். அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்தக் குடம் என்ன கனம் கனத்திருக்கும் என்று. உன் அம்மா நேரே எங்கே போனாள் தெரியுமா? பாக்கியம் வீட்டுக்குப் போனாள். அவள் அடுப்பங்கரையில் இருந்தாள். “ஏ பாக்கியம், வா. இந்தத் தடவை திரும்ப வேணாம்” என்றேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூட வந்துவிட்டாள்.

அதற்குள் டீச்சருக்கு இன்னும் கொஞ்சம் காலத்துக்குப் பணம் வந்திருந்தது. திருச்சுழியில் ஒரு அறை பிடித்து, ஒரு போன் வைத்து, ஒரு பெண்ணையும் உட்காரவைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து இப்படி இப்படிப் பார்த்தேன் என்று சொல்லலாம். சொன்னவர் பேர் வெளியே போகாது. சொன்ன அன்றைக்கே ஆள் போய் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசும், ஸ்டேஷனுக்கும் தகவல் போகும். நாங்கள் இரண்டு பேரும் போய்ச் சொன்னோம். மத்தியானத்துக்குள் ஜீப் வந்துவிட்டது. பேர் வெளியே போகாது என்றார்களே தவிர, எங்கள் ஊரில் அது எப்படிப் போகாமல் இருக்கும்? “எவ அவ கோள் சொன்னவ” என்று மாட்டுக்காரர் தெருவில் நின்று கத்தினார். அன்றிலிருந்து எனக்குக் ‘கோளு’ என்றே பேர். கோள் சொன்னால் குடி கெடும் என்று சொல்லித்தான் நம்மை வளர்க்கிறார்கள். சொல்லாமல்தான் என் குடி கெட்டது. பருத்திக்காட்டுக்காரர் இன்றைக்குப் பாளையம்பட்டியில் கடை வைத்திருக்கிறார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், என்னால்தான் அவர் பயந்து ஊரைவிட்டு ஓடினவர் என்று பேர் வாங்கினாராம். திருப்புவதற்கு அவருக்கு ஒரு முகம் இருக்கிறதே, அது போதும் எனக்கு.

அப்புறம் மானியம் நின்றுவிட்டது. டீச்சர் புத்தகமாய்த் தைத்த அறிக்கையைக் கொண்டுவந்து காட்டி, “இது டெல்லிக்குப் போகுதும்மா, இதோட பணம் முடிஞ்சுது” என்று கண் கலங்கினார்கள். “பணம் நின்னா என்ன, எங்களுக்கு வாய் இருக்கு” என்று பெருமை பேசி அனுப்பினேன். வாய் மட்டும் போதாது என்பதை அடுத்த வருஷம் பார்த்தேன். திருச்சுழி ரோட்டோரத்து ஊர் ஒன்றில், வெட்டு விழப்போகிறது என்று முந்தின நாளே பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் நடந்தே வந்து சொன்னார்கள். அறை பூட்டிக் கிடந்தது, ஜீப் இல்லை. நாங்கள் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேரும்போது அழுகைச் சத்தம்தான் கேட்டது. அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பாக்கியமும் நானும் இன்னும் சில பெண்களும் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போனோம். அந்த அறையைத் திறந்து கொடுங்கள், ஒரு ஆளைப் போடுங்கள் என்று கேட்டோம். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. மனுவைப் படித்துவிட்டு, “நடந்த கொலைக்கு நிவாரணம் இருக்கு. நடக்காத கொலைக்கு எந்தத் தலைப்புல பணம் எழுதச் சொல்றீங்க?” என்றார். “நடந்தது எங்க வீட்டுல இருக்கு சார். நடக்காததுக்குத்தான் கேக்க வந்திருக்கோம்” என்றேன். என் பக்கத்தில் நிற்கிறவள் யார் என்று கேட்டார். “எங்க வீட்டு ஆள வெட்டுனவரு பொஞ்சாதி” என்றேன். பேனாவை மூடிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பணம் இன்னும் வரவில்லை. நாங்களும் போவதை விடவில்லை. அறை திறக்கிற வரைக்கும் போவோம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நாள் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ பாக்கியம் பேரைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறாய். கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லலாம், பிள்ளை பிறந்த பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது உனக்கு நேரம் கொடுக்க என்னிடம் நேரம் இல்லை.

நான் சோலையை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மன்னிக்கவில்லை, மன்னிக்கிறதாகவும் இல்லை. அவர் வந்து காலில் விழுந்தால் காலை இழுத்துக்கொள்வேன். என் வாசலை அவர் மிதிக்கக்கூடாது, நான் போகிற அடிபம்புக்கு வரக்கூடாது என்று பாக்கியத்திடம் சொல்லியாகிவிட்டது. “சரி மதினி, நான் பாத்துக்கிறேன்” என்றாள். அவர் உயிரோடு இருந்து இந்த ஊரில் தலை குனிந்து நடக்கட்டும், அதை நான் பார்க்க வேண்டும். நீ வெட்டிவிட்டால் அவர் நிம்மதியாகப் போய்விடுவார். உனக்கு ஜெயில், செல்விக்கு என் வாழ்க்கை, அந்தப் பச்சைப்பிள்ளையை நடுவில் உட்காரவைத்து அதே சொந்தக்காரிகள் அதே பாட்டைப் பாடுவார்கள். உன் அப்பாவுக்கு இதில் என்ன கிடைக்கும்? ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடைக்காது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். செல்வி வந்து சொன்ன அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் யோசிக்கவில்லை. அவள் அழுது முடிப்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டேன். பார்த்தவர் சொல்ல வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், தன் மகன் என்றதும் வாயை மூடினால், கோளு என்ற பேருக்குக்கூட நான் லாயக்கில்லை. முதலில் பாக்கியத்திடம் சொன்னேன்: என் மகன் வரப்போகிறான், இந்த நினைப்போடு வரப்போகிறான் என்று. பிறகு இரண்டு பேருமாக ஸ்டேஷனுக்குப் போய் உன் பேரைச் சொன்னோம், உன் கம்பெனி விலாசத்தைச் சொன்னோம். இன்ஸ்பெக்டர், “பெத்த தாயே வந்து சொல்றீங்க” என்றார். “பெத்ததுனாலதான் சொல்றேன்” என்றேன். உன் மாமனாருக்கும் ஆள் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கேட்கிற மேஸ்திரி ஐயாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: என் மகன் சொல்லாமல் கிளம்பினால், தயவுசெய்து யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் செய்தேன். செல்வியையும் பிள்ளையையும் பாலவனத்தத்துக்குத் திருப்பி அனுப்பவில்லை. விஷயத்தை முழுக்க அவளிடம் சொன்னேன். அழுகை நின்றுவிட்டது. “நான் இங்கயே இருக்கேன் அத்த” என்று அவளே சொன்னாள். துணிமணியை எடுத்துவர அவள் தம்பி போயிருக்கிறான். பெண்டாட்டி பிள்ளை கண்ணில் படாத தெருவுக்குள் வரலாம் என்று நீ அங்கே வீட்டைக் காலி செய்தாய். நான் இங்கே வீட்டை நிரப்பிவிட்டேன். சோலை வந்து இறங்குகிற அன்றைக்கும், அதற்கு அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் உன் பிள்ளை இந்தத் தெருவில்தான் தவழ்ந்துகொண்டிருக்கும். நீ எந்த வழியாக வந்தாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆத்திரப்படு. என்னோடு பேசாதே, வேண்டுமானால் சாகிற வரைக்கும் பேசாதே. பேசாத மகன் ஒருத்தன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று நான் சோறு தின்பேன். ஆனால் வருவதாக இருந்தால் இன்ன பஸ்ஸில் வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வா.

உன்னைக் காட்டிக்கொடுத்த,
உன் அம்மா.